இருபத்தெட்டாம் வகை முழங்கை

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் யாராவது கீழே விழுந்தால், அவர் தரையைத் தொடுவதற்கு முன்பே செய்தி பூக்கடை தனலெட்சுமிக்குப் போய்விடும். துணிக்கடை அய்யூப் விழுந்தது மட்டும் விதிவிலக்கு. அன்று தனலெட்சுமி பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அதை இன்றுவரை ஒரு மனக்குறையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே இந்தக் கதையில் அய்யூப் விழுந்தது மட்டும் கேள்விப்பட்டது. மற்றதெல்லாம் கண்ணால் கண்டது, அல்லது கண்டவர்களுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அய்யூப்புக்கு ஐம்பத்தேழு வயது. ஹனீன் டெக்ஸ்டைல்ஸ் அவருடையது. மகள் பெயரில் கடை. கடையின் பெயரோ அவருடைய வலது கையில். துணிச் சுருளைத் தூக்கி ஒரு சுண்டு சுண்டினால் ஐந்து மீட்டர் துணி மேசை முழுக்க ஓடிப் போய், வாங்க வந்தவரின் வயிற்றைத் தொட்டு நிற்கும். மூக்கு நுனியிலிருந்து நீட்டிய விரல் நுனிவரை சரியாக ஒரு கஜம். இரும்புக் கோலை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கோலைத்தான் சந்தேகப்பட்டார்கள். நீட்டிய கையில்தான் அந்தக் கடை நின்றது என்று சொன்னால் தப்பில்லை.

தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. ஒரு பெண்மணி வந்து கிளிப்பச்சை கேட்டார். எடுத்துப் போட்டதும், "இந்தக் கிளிப்பச்சை இல்லண்ணே, அதுக்கு மேல இருக்கிற கிளிப்பச்சை" என்றார். அய்யூப் முக்காலிமேல் ஏறினார். முக்காலி நகர்ந்தது. கிளிப்பச்சைச் சுருள் ஒரு பக்கம், அய்யூப் ஒரு பக்கம். வலது கையை ஊன்றி விழுந்த வேகத்தில் முழங்கை வேறு திசையில் திரும்பிக்கொண்டது. அந்தப் பெண்மணி குனிந்து பார்த்துவிட்டு, "பரவால்லண்ணே, நான் வேற கடையில பாத்துக்கிறேன்" என்று போய்விட்டார்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் நல்ல மாதிரி. அய்யூப்பை மயக்கிப் படுக்கவைத்து, மூட்டை இழுத்து உள்ளே போட்டு, பாதி மாவுக்கட்டுக் கட்டி, பிறகு உட்கார்ந்து பேசினார்.

"மூட்டு விலகியிருந்துச்சு அங்கிள், அத உள்ள தள்ளியாச்சு. ஆனா சுத்தி மூணு எடத்துல எலும்பு ஒடைஞ்சிருக்கு. ஆப்பரேஷன் பண்ணித்தான் ஆவணும். ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணா நல்லது. மூணு வாரம் தாண்டிருச்சுன்னா முழங்கை இறுகிப் போயிரும். அப்புறம் கை நீளாது."

"நீளாதுன்னா?"

"நீளாதுன்னா நீளாது, அங்கிள்."

அய்யூப்பின் மனைவி ரம்லத் அந்த இடத்திலேயே கைப்பேசியில் நாள் எண்ண ஆரம்பித்தார். இங்கே வசதி இல்லை, பெரிய இடத்துக்கு எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர். அப்படித்தான் இரண்டாம் நாள் அய்யூப் சிகு சென்டருக்குப் போய்ச் சேர்ந்தார்.

மலாயில் சிகு என்றால் முழங்கை. அந்த இடத்தின் முழுப் பெயர் 'சிக்கலான முழங்கை முறிவு விலகல்களுக்கான உயர்சிறப்பு ஆய்வு, பயிற்சி மற்றும் மேன்மை மையம்'. சுபாங் ஜெயாவைத் தாண்டி ஒரு குன்றின்மேல் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகிவிட்டதால் கடைசி இரண்டு சொற்களைக் காவலாளியின் கூண்டுமேல் வைத்திருந்தார்கள். அந்தக் காவலாளி தன்னை மேன்மை மையம் என்றே நினைத்துக்கொண்டு நடந்துகொண்டார்.

முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

"டைப் என்ன அங்கிள்?"

"கை ஒடைஞ்சிருக்கும்மா."

"அது தெரியுது. இங்க வர்ற எல்லாருக்கும் கைதான். எந்த டைப்?"

"டாக்டர் பாத்துத்தானே சொல்லணும்?"

"டைப் போட்டாத்தான் டாக்டர் பேரு வரும். டாக்டர் பாத்தாத்தான் டைப் வரும்." இதில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். ஒரு கணம் விரலை நிறுத்தினார். பிறகு பழக்கம் கைகொடுத்தது. "சரி, நீங்க வகைப்படாதோர் வார்டு. லிஃப்ட்ல கீழ போங்க."

வகைப்படாதோர் வார்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மேல் மாடிகளில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறத்தில் படுக்கை விரிப்பு. கீழே விரிப்பே இல்லை, நிறம் முடிவாகவில்லையாம். பக்கத்துக் கட்டிலில் காஜாங்கைச் சேர்ந்த ரோனி. மோட்டார் சைக்கிளில் விழுந்து இரண்டு முழங்கையும் போன பையன். அவனுடைய இடது முழங்கை பன்னிரண்டாம் வகை என்று முடிவாகி, மூன்றாம் மாடி ஊதா வார்டுக்கு மாற்றப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. வலது முழங்கை வகைப்படவில்லை. ஆகவே இடது கையின் சாப்பாடு மூன்றாம் மாடிக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. ரோனி கீழே பட்டினி.

ஐந்தாம் நாள்தான் தலைவர் வந்தார். டத்தோ பேராசிரியர் டாக்டர் குரு. டத்தோ என்பது சுல்தான் கொடுத்த பட்டம். பின்னால் பதினோரு டாக்டர்கள். முன்னால் எக்ஸ்ரே படம் காட்டும் திரையைத் தள்ளிக்கொண்டு ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ். ஊர்வலம் அய்யூப்பின் கட்டிலருகே நின்றது. திரையைச் சுற்றி எல்லோரும் கூடிக்கொண்டார்கள். அய்யூப்புக்குப் பதினோரு முதுகுகள் தெரிந்தன.

"அழகு" என்றார் டத்தோ திரையைப் பார்த்து. "ரொம்ப அழகு. இது பதினாலாம் வகை, ஆ பிரிவு. என்னோட பதினாலு ஆ."

அப்போது முதுகுகளில் ஒன்று திரும்பியது. டாக்டர் சந்திரகலா, துணைத்தலைவர். "டத்தோ, என் அட்டவணைப்படி இது மூணாவது குடும்பம், ரெண்டாவது கிளை."

முதுகுகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மையத்தில் இரண்டு வகைப்பாடுகள் இருந்தன. குரு வகைப்பாட்டில் இருபத்தேழு வகை. சந்திரகலா அட்டவணையில் ஆறு குடும்பம், முப்பத்தொரு கிளை. எலும்பு முதலில் உடைந்து, அதனால்தான் மூட்டு விலகுகிறது என்பது குரு கட்சி. மூட்டு முதலில் விலகி, அந்த வேகத்தில்தான் எலும்பு உடைகிறது என்பது சந்திரகலா கட்சி. ஒரு கட்சிக்காரர் மறு கட்சிக்காரரோடு சேர்ந்து காண்டீனில் உட்காருவதில்லை. இரண்டு வாகன நிறுத்துமிடம்கூட இருந்தது என்கிறார்கள். அதை நேரில் போய்ப் பார்க்க முடியவில்லை, இரண்டுமே நிறைந்திருந்தன.

அய்யூப் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "டத்தோ, ஆப்பரேஷன் எப்ப?"

டத்தோ திரையிடமே பதில் சொன்னார். "மிஸ்டர் அய்யூப், கத்தி புடிக்கிறவன் உலகம் பூரா இருக்கான். பிளேட் வெச்சு ஸ்க்ரூ போடறதுக்கு ஒரு தச்சன் போதும். பேர் வைக்கத் தெரிஞ்சவன் எத்தன பேர்? நான் இந்தத் துறைக்கு வந்தப்ப முழங்கைன்னா வெறும் முழங்கைதான். இன்னிக்கு இருபத்தேழு. இருபத்தஞ்சு வருஷமா நான் ஒரு ஆளையும் அவசரப்பட்டு குணப்படுத்தினதில்ல."

அந்தப் பதினோரு பேரில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

அன்று மாலை ரம்லத் கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். "வேற ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க. அஞ்சு நாள் ஓடிப்போச்சு."

"இரு. சும்மா பேசாத. இருபத்தேழு வகை பிரிக்கத் தெரிஞ்சவருக்கு ஒண்ண ஒட்டவெக்கத் தெரியாதா?"

அய்யூப் சொன்னதில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. அவரும் வகை பிரிக்கும் ஆள்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவியே ஜார்ஜெட், கிரேப், வாயில் என்று நாற்பது ரகம் சொல்வார். எந்த ஊர்த் தறி, எந்த வருடத்துச் சரக்கு என்றுகூடச் சொல்லிவிடுவார். ரகம் தெரியாதவன் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது என்பது அவருடைய தொழில் சட்டம். ஆகவே டத்தோ குருவைத் தன் இனத்து ஆளாகவே நினைத்துவிட்டார். துணிக்காரனைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தப்பு வந்திருக்காது.

"நீங்க துணியத் தொட்டுப் பாப்பீங்க" என்றார் ரம்லத், சுளையை அவர் வாயில் வைத்தபடி. "இவங்க யாராச்சும் உங்க கையத் தொட்டாங்களா?"

அய்யூப் மென்று முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் புதன்கிழமை. புதன்கிழமைதான் வகைப்பாட்டு மாநாடு. அதில் கையெழுத்தாகாத முழங்கைக்கு அறுவை அறை திறக்காது. அது மையத்தின் முதல் விதி. அய்யூப்பைச் சக்கர நாற்காலியில் வைத்து அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். நடக்கக் காலில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். காலைப் பற்றிய பேச்சு இந்த மையத்தில் எடுபடாது என்று மிஸ்ஸி விளக்கினார்.

"மிஸ்டர் அய்யூப், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் சந்திரகலா. "விழுறப்ப முதல்ல என்ன நடந்துச்சு? வெலகுச்சா, ஒடைஞ்சிச்சா?"

"டாக்டர், நான் அப்ப விழுந்துக்கிட்டு இருந்தேன்."

"சத்தம் எப்படி? டக்குனு ஒரு சத்தமா, ரெண்டு சத்தமா?"

"முக்காலி சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நான் கத்தின சத்தம்."

"நோயாளி ஒத்துழைக்க மாட்டேங்கிறார்" என்று ஒருவர் எழுதிக்கொண்டார்.

டத்தோ எழுந்தார். பேசிப் பயனில்லை, நிரூபித்துவிடலாம் என்றார். ஓர் ஏணியும் வகுப்பறையின் பிளாஸ்டிக் எலும்புக்கூடும் வந்தன. எலும்புக்கூட்டின் கையில் அய்யூப் விழுந்தபோது இருந்ததற்குச் சமமான எடையில் ஒரு துணிச் சுருள் கட்டப்பட்டது. அது கிளிப்பச்சைதானா என்று ஒருவர் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். குரு கட்சி மூன்று முறை தள்ளியது. சந்திரகலா கட்சி மூன்று முறை தள்ளியது. மூன்று முறை எலும்பு முதலில் உடைந்தது. மூன்று முறை மூட்டு முதலில் விலகியது. ஏழாவது முறை எலும்புக்கூட்டின் தலை கழன்று உருண்டு அய்யூப்பின் காலடியில் வந்து நின்றது. அவர் இடது கையால் அதை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்று அந்த அரங்கில் ஒரு எலும்பை உரிய இடத்தில் வைத்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகு வாக்கெடுப்பு. பன்னிரண்டு டாக்டர்கள். ஐந்து பேர் பதினாலு ஆ என்றார்கள். ஐந்து பேர் மூன்றாம் குடும்பம். ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஒருவர் தோள்பட்டை என்றார். அவர் பார்த்தது வேறு ஆளின் படம்.

"சமம்" என்றார் டத்தோ. அவர் முகத்தில் கவலை இல்லை. ஒரு மலர்ச்சிதான் இருந்தது. "அறிவியல்ல இதுக்கு வழி இருக்கு. ஒரு வகைப்பாடு உண்மையானதுன்னா, அதே டாக்டர் அதே படத்த மறுபடி பார்த்தாலும் அதே பதில்தான் சொல்லணும். ஆனா உடனே காட்டினா போன தடவ சொன்னது ஞாபகத்துல இருக்கும். அதனால ரெண்டு வாரம் இடைவெளி. அதுக்குள்ள நாங்க இந்தப் படத்த மறந்திரணும். படத்த மட்டும் இல்ல, உங்களையும்தான், மிஸ்டர் அய்யூப். நாங்க உங்கள மறக்கணும்."

"மறக்கணுமா?"

"சுத்தமா."

"அப்ப ஆப்பரேஷன்?"

"மறந்தவங்களுக்கு எப்படி ஆப்பரேஷன் பண்றது?" என்றார் டத்தோ. கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியேற்றக் குறிப்பில், அடுத்த இரண்டு வாரம் நோயாளி மைய மருத்துவர் எவர் கண்ணிலும் படலாகாது என்று அச்சடித்திருந்தது. படங்களும் கோப்பும் உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டன. லிஃப்டருகே ஓர் இளம் பெண் டாக்டர் ஓடி வந்தார். ஷார்மைன். பன்னிரண்டு பேரில் சேராதவர். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"அங்கிள், ஆன்டி, ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க லா. டத்தோ சொல்ற டைப்பா இருந்தாலும் டாக்டர் சந்திரகலா சொல்ற டைப்பா இருந்தாலும் ஆப்பரேஷன் ஒண்ணுதான். அதே வெட்டு, அதே பிளேட், அதே ஸ்க்ரூ. ரெண்டு மணி நேர வேல."

ரம்லத் அந்தப் பெண்ணையே பார்த்தார். "அப்ப எதுக்கும்மா இத்தன வகை?"

ஷார்மைன் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "நான் இன்னும் ஜூனியர், ஆன்டி" என்றார்.

ரம்லத் சும்மா இருக்கவில்லை. மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டார். முதலாவது, படங்களைக் கொண்டுவா என்றது. படங்கள் மறதியில் இருக்கின்றன, தர இயலாது என்றது சிகு சென்டர். இரண்டாவது, புதிதாகப் படம் எடுக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டு, டத்தோ குருவின் நோயாளி என்று தெரிந்ததும் தொண்டை கட்டிக்கொண்டதைப் போலப் பேசியது. மூன்றாவது இடத்தில் போனை எடுத்தவர் டத்தோவின் மாணவர். என்ன வகை என்று கேட்டார்.

ஹனீன் டெக்ஸ்டைல்ஸில் தீபாவளிக் கூட்டம் வந்தது. அய்யூப் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் வியாபாரம் செய்தார். வேலைக்காரப் பெண் தாமரை சுருளைச் சுண்டினால் துணி பாதி மேசையில் சுருண்டு படுத்துக்கொண்டது. வந்தவர்கள் துணியைப் பார்க்காமல் கட்டைப் பார்த்தார்கள். பத்தாம் நாள் கட்டுக்குள் முழங்கை இறுகுவதை அய்யூப் உணர்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் கடை திறந்ததும், யாரும் இல்லாதபோது, இடது கையால் வலது விரல்களைப் பிடித்து மூக்கு நுனிவரை கொண்டுவந்து பார்த்துக்கொண்டார். தனலெட்சுமி பார்த்தார். பூக்கடையிலிருந்து நேராகத் தெரியும்.

பதின்மூன்றாம் நாள் மைத்துனர் இக்ராமைப் பார்க்கக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார்கள். மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் ரம்லத் கவனித்தார். இரண்டு மேசை தள்ளி டத்தோ குரு, கூடவே அவர் கட்சி டாக்டர்கள். ரம்லத் எழுந்து நேராக அங்கே போனார். அய்யூப் சோற்றில் இருந்த இடது கையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

டத்தோ நிமிர்ந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். அடுத்த நொடி, சாம்பார் ஊற்றியிருந்த இலையின் மறுபாதியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பக்கத்து நான்கு டாக்டர்களும் ஒரே நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள்.

"கண்ணு முன்னால வராதீங்க" என்றது இலை. "ஏழு நாள் கஷ்டப்பட்டு மறந்துக்கிட்டு இருக்கேன். எல்லாம் கெட்டுப்போயிரும்."

"டத்தோ, பதிமூணு நாளாச்சு" என்றார் ரம்லத். "அவரு கை மடங்கின மேனிக்கே நிக்குது. நீங்களே பாருங்க."

"பாக்கக் கூடாதும்மா. நீங்க புரிஞ்சுக்கணும். ஒரு நோயாளிய ஞாபகம் வெச்சுக்கறது சுலபம்; எந்த சாதாரண டாக்டரும் செய்வான். மறக்கறதுக்குத்தான் ஒழுக்கம் வேணும்." இலையின் ஓரத்திலிருந்து சாம்பார் அவர் சட்டையில் சொட்டியது. அவர் அசையவில்லை. அந்த உறுதியைப் பார்த்துக் கடைக்காரரே வியந்துபோனார். இரண்டு மேசைக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

அய்யூப் மனைவியின் தோளைத் தொட்டார். "வா. தொந்தரவு பண்ணாத."

ரயிலில் கிள்ளான் வந்து சேர்ந்தார்கள். இறங்கும்போது ரம்லத், "உங்க மரியாதையாலதான் உங்க கை போகப் போவுது" என்றார்.

இருபத்தொன்றாம் நாள் இரண்டாம் பார்வை. அன்று என்ன நடந்தது என்பதை ஷார்மைன் பிற்பாடு ரம்லத்திடம் சொன்னார். ரம்லத் தனலெட்சுமியிடம் சொன்னார். ஆகவே கிள்ளானுக்கே தெரியும். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தாங்கள் முன்பு சொன்னதற்கு வேறாகச் சொன்னார்கள். தோள்பட்டைக்காரர் மட்டும் மறுபடியும் தோள்பட்டை என்றார். நிலைத்தன்மைக்கான பாராட்டு அவருக்கே. டத்தோ குரு படத்தைப் பார்த்து மூன்றாம் குடும்பம், இரண்டாம் கிளை என்றார். டாக்டர் சந்திரகலா பதினாலு ஆ என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வகைப்பாடும் தப்பு என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். டத்தோவும் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"நண்பர்களே, இது ஒரு புது வகை."

கைதட்டல் கூரையைத் தொட்டது. இருபத்தெட்டாம் வகை, குரு–சந்திரகலா வகை. பார்க்கிற ஒவ்வொரு முறையும் வேறாகத் தெரிவதே இதன் இலக்கணம் என்று அன்று மாலையே கட்டுரை எழுதப்பட்டது. காண்டீனில் இரண்டு கட்சியும் முதல் தடவையாக ஒரே மேசையில் உட்கார்ந்து கேக் வெட்டியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அய்யூப்பும் ரம்லத்தும் முகப்பில் நின்றார்கள்.

"டைப்?" என்றார் அந்தப் பெண்.

"இருபத்தெட்டு" என்றார் அய்யூப். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பெண் தட்டினார். தட்டிவிட்டு முகம் சுருக்கினார். "விழுந்து எத்தன நாள்?"

"இன்னியோட இருபத்திரண்டு."

"அய்யோ அங்கிள். இங்க இருபத்தோரு நாள்வரைதான். அதுவரைதான் புது முறிவு. வகை எல்லாம் புது முறிவுக்கு மட்டும்தான். இருபத்திரண்டுன்னா நீங்க அலட்சியப்படுத்தப்பட்ட முறிவு. அதுக்கு வேற கிளினிக், செவ்வாய்க்கிழம. அங்க வேற வகைப்பாடு இருக்கு." திரையில் ஒரு கட்டம் நிரம்பாமல் இருந்தது. அதில் யார் அலட்சியப்படுத்தியது என்று கேட்டிருந்தது. அந்தப் பெண் அவரைக் கேட்கவில்லை. பழக்கப்படி 'நோயாளி' என்று தட்டினார்.

அதற்குமேல் ரம்லத் யாரையும் கேட்கவில்லை. ஷார்மைன் அன்று காலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுத்த முகவரிக்கு, கிள்ளானிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு, கணவரை அழைத்துப் போனார். அங்கிருந்த சர்ஜன் குள்ளமான, அதிகம் பேசாத ஆள். முதலில் கட்டைப் பிரித்தார். கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அய்யூப்புக்கு ஏனோ கண் கலங்கியது.

"இது என்ன வகை, டாக்டர்?" என்றார்.

"ஒடைஞ்ச வகை" என்றார் சர்ஜன். "பத்து நாள் முன்ன வந்திருந்தா நேரா நீட்டிக் குடுத்திருப்பேன். இப்ப முடிஞ்சத பண்றேன்."

முடிந்ததைச் செய்தார். கை வாய்வரை போகிறது. தன் கையாலேயே சாப்பிடுகிறார். தொழுகையில் காதுவரை எட்டுகிறது. நீட்டினால் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. மூக்கு நுனியிலிருந்து விரல் நுனிவரை இப்போது அரைக் கஜத்துக்குக் கொஞ்சம் மேல். கடைக்கு வருகிறவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. இரும்புக் கோலைப் பார்க்கிறார்கள்.

ஐந்து மாதம் கழித்து வர்த்தகர் சங்கத்தின் ஆண்டு விருந்து. சங்கத் தலைவருக்குப் பெரிய மனிதர்கள் என்றால் உயிர். வெளிநாட்டு மாநாட்டில் இருபத்தெட்டாம் வகைக்குப் பதக்கம் வாங்கித் திரும்பியிருந்த டத்தோ குருவும் டாக்டர் சந்திரகலாவும்தான் சிறப்பு விருந்தினர்கள். நம் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பொன்னாடை எந்தக் கடையிலிருந்து வருகிறதோ அந்தக் கடைக்காரரே அதைப் போர்த்த வேண்டும். அதுதான் இனாமாகக் கொடுத்ததற்கு விளம்பரம். அந்த வருட முறை ஹனீன் டெக்ஸ்டைல்ஸ். பூமாலை, தனலெட்சுமி.

"வேற யாரையாச்சும் போர்த்தச் சொல்லலாங்க" என்றார் ரம்லத்.

"என் கடை. நான்தான் போர்த்தணும்" என்றார் அய்யூப்.

தனலெட்சுமி மாலையைப் போட்டுவிட்டு இறங்கினார். அய்யூப் மேடை ஏறினார். ஊதா நிறத்தில் தங்கக் கரை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். இடது கை டத்தோவின் தோளைத் தொட்டது. வலது கை அவர் நெஞ்சுக்குக் கீழே நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் மேல அண்ணே" என்றார் ஒலிவாங்கிக்காரர்.

மேலே போகவில்லை. பொன்னாடை வாங்கிப் பழகிய டத்தோ தானாகவே தலையைத் தாழ்த்திக் கொடுத்தார். போதவில்லை. இன்னும் குனிந்தார். கடைசியில் அவர் மூக்கு அய்யூப்பின் முழங்கைத் தழும்புக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தது. அப்படித்தான் டத்தோ குரு அந்த முழங்கையை முதன்முறையாகப் பார்த்தார்.

"அடடே, இந்தக் கைக்கு என்ன ஆச்சு?" ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"விழுந்துட்டேன், டத்தோ."

"யாரு பாத்தது? இப்படிக் கெடுத்து வெச்சிருக்காங்களே. நேரா எங்ககிட்ட வந்திருக்கலாமே."

அய்யூப் பொன்னாடையின் முனையை விடாமல் நின்றார். "வந்தேன், டத்தோ. நீங்க என்னை மறக்கணும்னு சொன்னீங்க."

டத்தோவின் முகத்தில் முதலில் குழப்பம். பிறகு மெல்ல மெல்ல ஒரு ஒளி பரவியது. "சந்திரகலா, இங்க வாங்க. இவர்தான் அந்த இருபத்தெட்டு. பாத்தீங்களா, நான் முழுசா மறந்திருக்கேன். நம்ம இடைவெளி எவ்வளவு கச்சிதமா வேல செஞ்சிருக்கு."

சந்திரகலா வந்து குனிந்தார். "இப்ப இறுகிப் போயிருக்கு, டத்தோ. மடங்கி இறுகினதா, இறுகி மடங்கினதா?"

"மடங்கித்தான் இறுகும்."

"இறுகித்தான் மடங்கும்."

"படம் இருக்குமே" என்றார் டத்தோ. அவருடைய உதவியாளர் மடிக்கணினியில் தேடி, மேடையின் பெரிய திரையில் முழங்கைப் படத்தைப் போட்டார். வர்த்தகர்கள் கோழி வறுவலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். டத்தோவும் சந்திரகலாவும் திரையின் பக்கம் திரும்பினார்கள். அய்யூப்பின் கை நடுவில் பாதி நீட்டியபடி நின்றது. அதற்குமேல் அதற்கு வேறு வழியும் தெரியாது.

"மிஸ்டர், கையைக் கொஞ்சம் ஓரமா வைங்க" என்றார் டத்தோ. "படத்த மறைக்குது."

ரம்லத் மேடை ஏறியதை அவர்கள் கவனிக்கவில்லை. அவர் அவசரப்படவே இல்லை. டத்தோவின் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்தார். மேடையிலேயே நான்காக, எட்டாக மடித்தார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, விலைச் சீட்டு வெளியே தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். "வாங்க" என்று கணவரின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டு படியிறங்கினார். அந்த மடக்கு அதற்கு வசதியாகத்தான் இருந்தது.

கீழே முதல் வரிசையில் தனலெட்சுமி காத்திருந்தார். "ஏன் ரம்லத், போனதுதான் போன, அந்த மாலையையும் கழட்டிட்டு வந்திருக்கலாம்ல? ரோஜா எல்லாம் இன்னும் நல்லாத்தான் இருக்கு."

மேடையில் வாக்கெடுப்பு ஆரம்பித்திருந்தது.